தோள் இறங்கிய வருஷம்

மேலூருக்குப் பக்கத்தில் ஒரு கோயில் திருவிழா. பங்குனி மாதத்து மாலை, வெக்கை இன்னும் தணியவில்லை. மேடையில் பாடிக்கொண்டிருந்தவர் ஊர் ஊராகப் போய்ப் பாடுகிற பெரிய வித்வான். அவருக்குப் பக்கவாத்தியமாக வயலின் வாசிக்க உட்கார்ந்திருந்தாள் இசைவாணி.

வித்வான் கல்யாணி ராகத்தில் ஸ்வரம் பாட ஆரம்பித்தார். அவர் ஒரு சுற்றுப் பாடுவார், அதே அளவுக்கு இவள் வயலினில் பதில் சொல்ல வேண்டும். நாலு சுற்று சரியாகப் போனது. ஐந்தாவது சுற்றில் அவர் வேகத்தை இரட்டித்தார். இசைவாணி வில்லை எடுத்தாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை கை ஒரே கட்டையாகிப் போயிருந்தது. வில் தந்தி மேல் குதித்துக் குதித்து நடுங்கியது. தகரத்தைத் தரையில் இழுத்தது போல ஒரு சத்தம் ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுக்கப் போனது. வித்வான் திரும்பிப் பார்த்தார். மிருதங்கக்காரர் சுதாரித்துக்கொண்டு இடத்தை நிரப்பினார். அவள் வில்லை மடியில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பி வரும்போது காரில் வித்வான் மழை பெய்யுமா என்று டிரைவரிடம் கேட்டார், அவ்வளவுதான். அடுத்த மாதம் அவருடைய மூன்று கச்சேரிகளில் வேறொருவர் வாசித்ததாக இசைவாணிக்குத் தெரிய வந்தது. பிறகு மற்றவர்களும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். யாராவது நேரில் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அவளுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. சொந்த ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். அப்பா சின்னக்கருப்பன் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். பின்னாளில் ஒன்றரை ஏக்கர் சொந்தமாக வாங்கிக் கடலை போட்டார். டீக்கடை ரேடியோவில் கச்சேரி கேட்டே பழகியவர். மகளுக்கு இசைவாணி என்று பெயர் வைத்தது அவர்தான். பிளஸ் டூ முடித்ததும் மதுரைக்குக் கூட்டிவந்து இசைக் கல்லூரியில் சேர்த்ததும் அவர்தான். அவர்கள் தெருவில் அதற்கு முன்னால் யாரும் வயலினைத் தொட்டது கிடையாது.

கல்லூரியில் அவளை யாரும் வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் வயலினை எடுத்து உட்காரும்போதெல்லாம் நாலு பக்கமும் கண்கள் இருப்பதாக அவளுக்குத் தோன்றும். பின்னாளில் கணவன் பாண்டிராஜிடம் ஒருமுறை சொன்னாள்: "அடுத்த பிள்ளைக தப்பு விட்டா அது அவுகளோட தப்பு. நான் விட்டா அது எங்க தெருவோட தப்பா ஆயிருமேன்னு பயம்."

அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தாள். தினமும் ஐந்து மணி நேரம். விரல் சுத்தமாக விழும், தாளம் பிசகாது. வாத்தியார் மட்டும் அவ்வப்போது, இன்னும் கொஞ்சம் சாவகாசமாக வாசி என்பார். இன்னும் நிறையச் சாதகம் பண்ணச் சொல்கிறார் என்று அவள் எடுத்துக்கொள்வாள்.

கச்சேரியை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. பாண்டிராஜுக்கு ஒயரிங் வேலை. ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. இசைவாணி பதினோரு வருஷமாக ஒத்தக்கடையில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கும் ஒரு யூனிட்டில் இருந்தாள். காலர் வைப்பது அவள் வேலை. பிசிறில்லாமல் காலர் வைக்க லைனில் அவளை விட்டால் ஆள் இல்லை என்று பேர்.

அந்தத் திருவிழாவுக்கு இரண்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வில் பிடித்த அந்த வலது கையால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப் போயிருந்தன. கழுத்திலிருந்து நடுமுதுகு வரை தீப்பிடித்தது போல எரிந்தது. மத்தியானத்துக்குள் ஆறு காலரைக் கோணலாக வைத்துவிட்டாள். சூப்பர்வைசர் விருமாண்டி வந்து நின்று, என்னத்தா, உடம்புக்கு என்ன என்று கேட்டார். ஸ்கூல் திறக்கிற சமயம், இப்படி ஆனால் எப்படி என்றும் கேட்டார். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். அவள் கோணல் காலரைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

டாக்டர் எக்ஸ்ரே பார்த்தார். எலும்பில் ஒன்றும் இல்லை, தசை இறுகிப் போயிருக்கிறது, பிசியோதெரபி எடுத்துக்கொள் என்று எழுதிக் கொடுத்தார். ஒத்தக்கடைக் கடைத்தெரு மாடியில் புதிதாக ஒரு பிசியோதெரபி நிலையம் திறந்திருந்தார்கள். அதை நடத்திய பெண்ணின் பெயர் அஸ்வினி. வயது இருபத்தாறுக்கு மேல் இருக்காது. படிப்பு முடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சங்கீதம் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, தையலும் தெரியாது. இரண்டையும் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"தோளை இறக்குங்கக்கா," என்றாள்.

"இறக்கித்தானே இருக்கு."

அஸ்வினி தன் போனில் பின்பக்கமிருந்து ஒரு படம் எடுத்துக் காட்டினாள். படத்தில் இருந்த பெண்ணின் இரண்டு தோள்களும் காதை நோக்கி ஏறியிருந்தன. குளிரில் நடுங்குகிறவள் மாதிரி கழுத்தே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அது தான்தான் என்று நம்ப இசைவாணிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. உட்கார்ந்திருந்தது அஸ்வினியின் ஸ்டூலில். கையில் துணியும் இல்லை, வயலினும் இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பதற்கே இம்புட்டுப் பாடா என்று நினைத்தாள்.

பிறகு அஸ்வினி அவளைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையை வைத்தாள். வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் ஏந்தி மெதுவாக மேலே தூக்கினாள்.

"முழு பாரத்தையும் என்கிட்ட குடுத்துருங்க. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்."

"குடுத்துட்டேன்."

அஸ்வினி தன் கைகளை விலக்கிக்கொண்டாள். இசைவாணியின் கை கீழே விழவில்லை. யாரும் பிடிக்காமல், அந்தரத்தில், அப்படியே நின்றது.

இருவரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். இசைவாணிக்குச் சிரிப்பு வந்தது. தன் கையே தன் பேச்சைக் கேட்காமல் காவல் நிற்கிறது. எத்தனை வருஷமாக நிற்கிறதோ.

அஸ்வினி கொடுத்த பயிற்சிகள் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதவை. தினமும் இருபது நிமிஷம் தரையில் படுக்க வேண்டும். தலை, தோள், இடுப்பு, குதிகால் ஒவ்வொன்றும் தரையில் எங்கே படுகிறது என்று கவனிக்க வேண்டும். தாடையைத் தளர விட வேண்டும். மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அதுவாக வரவும் போகவும் விட வேண்டும். கையைப் பாண்டிராஜ் தூக்கிப் பிடித்து, பிடியை விட்டுவிட வேண்டும்.

முதல் ஒரு வாரம் அவளுக்கு எரிச்சலாக வந்தது. வலிக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் ஒரு வேலை நடந்தது மாதிரி இருக்கும். சும்மா படுத்துக் கிடப்பதும் ஒரு வைத்தியமா? வேலைக்குப் போகும் பெண் சாயங்காலம் தரையில் கிடந்தால் பக்கத்து வீட்டில் என்ன நினைப்பார்கள்? அவள் நிறுத்திவிடப் பார்த்தாள். பாண்டிராஜ் விடவில்லை. அவனுக்கு இந்தப் பயிற்சியில் ஒரு தனி ஆர்வம் வந்துவிட்டது. வேலை முடித்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு, வா வாணி, கையைக் குடு என்று உட்கார்ந்துவிடுவான். தூக்குவான், விடுவான். கை நிற்கும்.

"கரண்ட்டு ஆஃப் பண்ணின பிறகும் ஃபேன் ஓடுது," என்பான்.

பத்தொன்பதாம் நாள். அன்று யூனிட்டில் லீவு. மத்தியானம் மழை பெய்து தரை குளிர்ந்திருந்தது. அவள் படுத்தபடி, மறுநாள் குழம்புக்கு என்ன வாங்குவது என்று பாண்டிராஜிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவன் கையைத் தூக்கி, கத்திரிக்காய் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே விட்டான். கை தொப்பென்று பாயில் விழுந்தது.

அவன் மறுபடி தூக்கி விட்டான். மறுபடியும் விழுந்தது, ஈரத்துணி விழுகிற மாதிரி. தன் கை இவ்வளவு கனமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்தக் கனத்தைத்தான் காலையிலிருந்து ராத்திரி வரை அவள் தூக்கிக்கொண்டே திரிந்திருக்கிறாள். பாண்டிராஜ் எழுந்து நின்று இரண்டு கைகளையும் தட்டினான். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கவும் தோன்றவில்லை, அப்படியே கிடந்தாள்.

பாயில் விழுந்த கை மெஷினில் உட்கார்ந்ததும் பழையபடி ஏறிக்கொண்டது. அதையும் அஸ்வினியிடம் போய்ச் சொன்னாள். நீங்கள் தைப்பதை நான் பார்க்க வேண்டும் என்றாள் அஸ்வினி. பக்கத்து மெஷின் பெண் எடுத்துக் கொடுத்த வீடியோவை இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். அஸ்வினி அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஒரு காலர் முடியுற வரைக்கும் நீங்க மூச்சே விடலக்கா. அடுத்ததை எடுக்கும்போதுதான் விடுறீங்க."

இன்னொன்றும் கேட்டாள். துணியை எதற்கு அவ்வளவு அழுத்தித் தள்ளுகிறீர்கள்? மெஷின் தானாக இழுக்காதா?

தையல் தெரியாதவள் கேட்ட கேள்வி அது. இசைவாணிக்குச் சுருக்கென்றது. ஊசிக்குக் கீழே சின்னச் சின்னப் பற்கள் இருக்கின்றன. அவை துணியைத் தாமாகவே நகர்த்திக்கொண்டு போகும். தைக்கிறவர் வழி காட்டினால் போதும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக் கொடுக்கிற பாடம். புதிதாக வருகிற பெண்களுக்கு அவளே சொல்லியிருக்கிறாள். டார்கெட், அவசரம், பயம் எல்லாம் சேர்ந்து, எப்போதிலிருந்து என்று தெரியாமலே, பற்கள் செய்கிற வேலையையும் தன் கையால் செய்யத் தொடங்கியிருந்தாள்.

மறுநாள் அவள் ஒரு காலரை எடுத்து, தோளை விட்டுவிட்டு, விரல்களைத் துணி மேல் சும்மா வைத்தாள். துணி போனது. வளைவில் விரல் நுனியால் லேசாகத் திருப்பினாள். திரும்பியது. தையல் வளைவில் ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை.

ஆனால் மேஜை தாழ்வாக இருந்தது. குனிந்தால்தான் ஊசி கண்ணுக்குத் தெரியும். குனிந்தால் தோள் ஏறும். மேஜையை மூன்று விரற்கடை உயர்த்தித் தர வேண்டும் என்று விருமாண்டியிடம் கேட்டாள். அவர் சிரித்தார். நாற்பது மெஷின் ஒரே உயரத்தில் இருக்கிறது, ஒன்றை மட்டும் உயர்த்தினால் லைன் என்னத்துக்கு ஆகும் என்றார். நாற்பது பேரும் ஒரே உயரமா அண்ணே என்று அவள் கேட்டாள். அவர் அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் பாண்டிராஜ் அறுத்துக் கொடுத்த நாலு மரக்கட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். பக்கத்து மெஷின் பெண்ணும் அவளுமாக மேஜையைத் தூக்கிக் காலுக்கு ஒன்றாக வைத்தார்கள். விருமாண்டி வந்து பார்த்தார், முகம் கடுத்தது. எடுத்துரு என்றார். இசைவாணியின் தோள் ஏறத் தொடங்கியது. அது ஏறுவது அவளுக்குத் தெரிந்தது. முன்பெல்லாம் தெரியாது. மூச்சை விட்டாள். தோள் இறங்கியது. குரலும் இறங்கியே வந்தது.

"ஒரு வாரம் பாருங்கண்ணே. வேலை குறைஞ்சா நானே எடுத்துருறேன்."

அவர் ஒரு கட்டையைக் காலால் தட்டிப் பார்த்தார். என்னவோ செய் என்று கையை ஆட்டிவிட்டுப் போனார்.

முதல் இரண்டு நாள் வேலை கொஞ்சம் பின்தங்கியது. அவள் கவலைப்பட்டாள், ஆனால் அவசரப்படவில்லை. நாலாம் நாள் பழைய அளவுக்கு வந்தாள். ஆறாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் அன்றைய காலர் முழுவதும் முடிந்து, அடுத்த துணிக்கட்டைக் கேட்டு அவள் எழுந்து நின்றபோது, லைனில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். திருப்பி அனுப்பப்பட்ட காலர் அந்த வாரம் ஒன்றுகூட இல்லை. விருமாண்டி தானே வந்து எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். திங்கட்கிழமை காலையில் ஒரு மூட்டை நிறைய மரக்கட்டைகளைக் கொண்டுவந்து வாசலில் போட்டு, வேணுங்கிறவங்க வச்சுக்கங்க என்று சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். பதினேழு பேர் எடுத்துக்கொண்டார்கள். டீ நேரத்தில் இசைவாணியைச் சுற்றிக் கூட்டம். கழுத்து வலிக்காரி, இடுப்பு வலிக்காரி, தலைவலிக்காரி எல்லோரும் தாடையை இளக்கி மூச்சு விடப் பழகினார்கள். சிரிப்புத்தான் அதிகமாக வந்தது. சிரித்தாலும் தாடை இளகத்தான் செய்கிறது என்று இசைவாணி சொன்னாள்.

வயலினை அவள் ஆறு மாதமாகத் தொடவில்லை. பெட்டி பீரோ மேலேயே இருந்தது. ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கித் தந்திகளை மாற்றினாள். சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் சுருண்ட முனையைக் கணுக்காலில் ஊன்றி, மறுமுனையைத் தோளோரம் மார்பில் சாய்த்தாள். உடனே கழுத்து முன்னால் வந்தது, இடது கைப் பெருவிரல் வயலினின் கழுத்தைக் கவ்விப் பிடித்தது. உடம்புக்குப் பழைய பாடம் மறக்கவே இல்லை.

அவள் பாட்டு எதையும் வாசிக்கவில்லை. வில்லைத் தந்தி மேல் வைத்து, கையின் கனத்தை அதற்குக் கொடுத்தாள். அழுத்தவில்லை, தூக்கவும் இல்லை. வில் நகர்ந்தது. அதிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

சமையலறையில் இருந்த பாண்டிராஜ் எட்டிப் பார்த்து, வேற வயலினா என்று கேட்டான்.

அதே வயலின்தான். இத்தனை வருஷமும் அதிலிருந்து பாதிச் சத்தத்தைத்தான் அவள் வாங்கியிருக்கிறாள். அன்று முழுக்க ஸ என்கிற ஒற்றை ஷட்ஜத்தையே இழுத்தாள். அடுத்த ஒரு மாதமும் ஏறக்குறைய அதேதான். பிறகு சரளி வரிசை, சின்னப் பிள்ளைகள் வாசிப்பது போல, மெதுவாக. எங்கே தோள் ஏறுகிறதோ அங்கே நிறுத்திவிடுவாள். மறுபடி முதலிலிருந்து. இடது பெருவிரலைக் கவ்வ விடாமல் தளர வைத்தபோது, மற்ற விரல்கள் தந்தி மேல் எண்ணெய் போட்டது மாதிரி வழுக்கிப் போயின. இவ்வளவு காலமும் கஷ்டப்பட்டு அசைத்த கமகங்கள் தாமாக அசைந்தன. அதைக் கேட்ட அன்று அவளுக்குக் கோபம்கூட வந்தது. கல்லூரி நாட்களில் வீணாக்கிய மணி நேரங்களை நினைத்து வந்த கோபம். கோபத்தில் தாடை இறுகியது. சரி என்று அதையும் விட்டாள்.

எல்லா நாளும் நன்றாகப் போகவில்லை. மார்கழியில் ஒரு வாரம் விரல் மறுபடி மரத்தது. பயந்துபோய் அஸ்வினியிடம் ஓடினாள். நல்லாகும்போது இப்படி ஏற்ற இறக்கம் இருக்கும்கா, பயந்தீங்கன்னா பயத்துலயே இறுகும் என்றாள் அவள். அது மாதிரியே பத்து நாளில் சரியானது.

வைகாசியில் கனகலட்சுமி போன் செய்தாள். கல்லூரியில் கூடப் படித்தவள், இப்போது மேடைகளில் பாடுகிறவள். சோழவந்தானில் திருவிழாக் கச்சேரி, வழக்கமாக வாசிக்கிறவருக்கு அம்மை போட்டிருக்கிறது, நாலு நாள்தான் இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டாள். மேலூரில் நடந்தது அவளுக்கும் தெரிந்திருக்கும். இசைவாணி அதை மறைக்க விரும்பவில்லை.

"என் கை நின்னு போனது ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும். இப்ப எப்படி இருக்குன்னு சொல்லு."

"இப்ப விழுது," என்றாள் இசைவாணி. கனகலட்சுமிக்கு அது புரியவில்லை. இவள் விளக்கவும் இல்லை. வாரேன் என்று சொல்லிவிட்டாள்.

அப்பாவுக்குத் தகவல் சொன்னாள். சின்னக்கருப்பன் கொட்டாம்பட்டியிலிருந்து பஸ் மாறி மாறி, கச்சேரி தொடங்க ஒரு மணி நேரம் முன்பே வந்து முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மடியில் துண்டு. பக்கத்தில் பாண்டிராஜ்.

ஆறரைக்குத் தொடங்கியது. கூட்டம் நல்ல கூட்டம். வெற்றிலைக் கொடிக்காலில் வேலை முடித்து நேராக வந்தவர்கள், பட்டுச்சேலைக்காரர்கள், பலூன் விற்பவர்கள் எல்லோரும் கலந்திருந்தார்கள். மிருதங்கம் வாசித்த அழகுராஜா இவளுக்குப் புதியவர். வணக்கம் சொன்னதோடு சரி. முதல் மூன்று பாட்டும் பழுதில்லாமல் போயின. நாலாவதாகச் சண்முகப்பிரியா ராகத்தில் பெரிய உருப்படி. பாட்டுக்கு முன்னால் கனகலட்சுமி ராகத்தை விரித்துப் பாட வேண்டும். அது முடிந்து இசைவாணி வாசிக்க வேண்டும். அதுதான் முறை.

கனகலட்சுமி தம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கனைத்தாள். இன்னொரு முறை கனைத்தாள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு இவள் பக்கம் சாய்ந்தாள். தெருப் புழுதியில் தொண்டை கட்டிப் போயிருந்தது.

"குரல் வரல வாணி. பத்து நிமிஷம் போகணும். ராகம் முழுசும் நீயே வாசி. நான் பாட்டுல சேந்துக்குறேன்."

மறுக்க நேரமில்லை. கூட்டம் காத்திருந்தது. இசைவாணியின் இரண்டு தோளும் ஒரே நேரத்தில் காதை நோக்கிக் கிளம்பின. மேலூரின் அந்தத் தகரச் சத்தம் காதுக்குள் கேட்டது. வலது கை விறைக்கத் தொடங்குவது, முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு அது இறங்கிவருவது, ஒவ்வொரு அங்குலமாக அவளுக்குத் தெரிந்தது.

இந்த முறை தெரிந்தது என்பதுதான் வித்தியாசம். ஓடி வருவது என்ன என்று தெரிந்துவிட்டதால் அவள் அதனோடு சண்டை போடவில்லை. வில்லோடு கையை மடியில் இறக்கி, அதன் கனம் முழுவதையும் மடி வாங்கிக்கொள்ளும் வரை வைத்திருந்தாள். மேடைப் பலகை தன்னைத் தாங்குவதைக் கவனித்தாள். தாடையை விட்டாள். மூச்சு போனது, வந்தது. கூட்டத்துக்கு அது ஐந்தாறு வினாடி இருந்திருக்கும். அழகுராஜா என்னவோ என்று பார்த்தார்.

அவள் கையைத் தூக்கவில்லை. கை தானாகக் கிளம்பியது போல இருந்தது. வில் தந்தியில் இறங்கியது.

முதல் இழையிலேயே கூட்டத்தின் சலசலப்பு குறைந்தது. நீண்ட, கனத்த, நடுங்காத ஒரு நாதம். அதை அவள் அவசரமில்லாமல் நிற்க வைத்தாள். பிறகு காந்தாரத்தில் ஏறினாள், அங்கே கொஞ்சம் உலாவினாள், மத்திமத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். விரல்கள் போகிற இடத்துக்கு அவள் பின்னால் போனாள். எதை அடுத்து வாசிப்பது என்ற கவலை வரவில்லை. ஒன்று முடியும்போது அடுத்தது வந்து நின்றது. மேல் ஸ்தாயியில் ஒரு வேகமான இறக்கத்தில் ஒரு விரல் தவறிப் பக்கத்து ஸ்வரத்தில் விழுந்தது. முன்னால் என்றால் அந்த ஒரு ஸ்வரம் மிச்சக் கச்சேரியைத் தின்றிருக்கும். இப்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் தவறிய இடத்துக்கே வேண்டுமென்று மறுபடி போய், அதைச் சுற்றி வேறொரு வழியில் இறங்கினாள். அழகுராஜா தொடையில் தட்டி, ஆஹா என்றார்.

பன்னிரண்டு நிமிஷம் வாசித்ததாகப் பாண்டிராஜ் பிறகு சொன்னான். முடித்து வில்லை எடுத்தபோது கைதட்டல் வந்தது. முன்வரிசையிலிருந்து பின்னால் நின்றுகொண்டிருந்தவர்கள் வரை போய்த் திரும்பி வந்தது. பலூன்காரர்கூட நின்று பார்த்தார்.

கனகலட்சுமியின் தொண்டை சரியாகியிருந்தது. அவள் பாட்டை எடுத்தாள், ஸ்வரத்துக்கு வந்தாள். நல்ல வேகம் பாடுவாள். இசைவாணி பதில் சொன்னாள். கனகலட்சுமி வேகத்தை ஏற்றினாள், இவளும் ஏறினாள். இன்னும் ஏற்றினாள். வில் கையில் இருப்பதே தெரியாத அளவுக்கு லேசாக ஓடியது. ஒரு கட்டத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாசிக்கவும் பாடவும் செய்தார்கள், கல்லூரிப் பிள்ளைகள் மாதிரி. கடைசிச் சுற்றில் மூவரும் ஒரே இடத்தில் வந்து இறங்கியபோது கூட்டம் எழுந்து நின்றது.

எட்டே முக்காலுக்கு எல்லாம் முடிந்தது. கனகலட்சுமி ஒலிபெருக்கியில் அவள் பெயரையும் ஊரையும் சொல்லி, கொட்டாம்பட்டி இசைவாணி என்று அறிவித்தாள். திருவிழாக் கமிட்டிக்காரர் மாலை போட்டார். நாலைந்து பேர் வந்து போன் நம்பர் வாங்கிக்கொண்டு போனார்கள். யூனிட்டிலிருந்து எட்டுப் பெண்கள் வேன் பிடித்து வந்திருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அஸ்வினியும் அவர்களோடு நின்றாள். எனக்கு ஒண்ணும் புரியலக்கா, ஆனா நீங்க ஒரு தடவகூட மூச்சப் பிடிக்கல என்று அவள் சொன்னது அன்றைய பாராட்டுகளிலேயே இசைவாணிக்கு ரொம்பப் பிடித்தது.

சின்னக்கருப்பன் எல்லோரும் போகும் வரை மேடைக்குக் கீழே நின்றார். மகள் இறங்கி வந்ததும் அவள் வலது கையைப் பிடித்துப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பினார், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்தார்.

"வலி இருக்கா ஆத்தா?"

"இல்லப்பா."

அவர் தலையாட்டினார். பிறகு, அவள் காலேஜில் வாசித்த நாளிலிருந்து ஒரு கச்சேரியைக்கூட முழுதாகக் கேட்டதில்லை என்று சொன்னார். பாதியில் எழுந்து வெளியே போய்விடுவாராம். டீ குடிப்பது போல நின்றுவிட்டு, முடிகிற சமயம் உள்ளே வந்து கைதட்டுவாராம். அவளுக்கு இது தெரியாது. ஏன் என்று கேட்டாள்.

"ஒன் மூஞ்சியப் பாக்க முடியாது. களத்து மேட்டுல மூட்டை தூக்குறவன் மாதிரி இருக்கும். நாந்தான் அந்தப் பாரத்த ஏத்தி விட்டுட்டேனோன்னு இருக்கும்." துண்டை உதறித் தோளில் போட்டார். "இன்னிக்குத்தான் கடேசி வரைக்கும் உக்காந்து கேட்டேன். நல்லா இருக்கு ஆத்தா, ஒன் வாசிப்பு. அம்புட்டு நல்லா இருக்கு."

அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாண்டிராஜ் வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, அன்னதானப் பந்தி ஆரம்பித்துவிட்டார்கள், வாங்க என்று கூப்பிட்டான். யூனிட் பெண்கள் ஏற்கெனவே இடம் பிடித்து உட்கார்ந்து கையசைத்தார்கள். இசைவாணி அப்பாவையும் அஸ்வினியையும் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்தாள். நல்ல பசி. சாம்பார் சாதம் சூடாக வந்தது. இலை நிறையப் போடச் சொல்லி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.